கடன் நெருக்கடி

கடன் நெருக்கடி என்றால் பணப் பஞ்சம் என்றே நான் முதலில் எண்ணியிருந்தேன். பயின்ற பின்னரே, அது நம்பிக்கைப் பஞ்சம் என்பது விளங்கிற்று.

2008 செப்டம்பர் 15-ஆம் நாள் அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் நிறுவனம் திவாலாயிற்று. அடுத்து வீழ்வது யாரோ என்றஞ்சி, வங்கிகள் ஒன்றுக்கொன்று ஓரிரவுக்குக் கடன் கொடுக்கவும் தயங்கின. வங்கிக்கே கிடைக்காத கடன் வணிகருக்கு எங்ஙனம் கிடைக்கும்? முதலின்றித் தொழில்கள் சுருங்கின. வேலையிழந்தோர் செலவைக் குறைத்தனர். அதனால் வணிகம் மேலும் மெலிந்தது. அங்கே நகை வாங்குவோர் குறையவே, சூரத்தில் வைரத்திற்குப் பட்டை தீட்டுவோர் பலர் வேலையிழந்தனர்.

நம் ரிசர்வ் வங்கி, வங்கிகள் தன்னிடம் வைக்கவேண்டிய ரொக்க விகிதத்தை 2009 ஜனவரிக்குள் 9 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைத்துப் பணப்புழக்கத்தைப் பெருக்கிற்று.

காசுக்கும் நேர்மைக்கும் தமிழில் 'நாணயம்' என்பது ஒரே சொல். அதன் பொருத்தத்தை இப்பாடத்தில்தான் உணர்ந்தேன்.