முகவரி – கதைமாந்தரும் உடைமைகளும்

நுழையும்முன்

கீழ்வேளூர், திருவாரூர் போன்ற காவிரிப் படுகை ஊர்களின் பழைய வீடுகளில் பித்தளைக் குடத்தின் கழுத்திலும் தாம்பாளத்தின் விளிம்பிலும் உரியவர் பெயரை வெட்டி வைத்திருப்பர். திருமணத்திற்கு இரவல் சென்ற அண்டாவும் தவலையும் வழிதவறாமல் வீடு திரும்ப அப்பெயரே துணை. பெயர் வெட்டப்படாத பொருள் ஒன்று, உரியவர் மாண்டபின் வேறொரு வீட்டில் புழங்கிக்கொண்டிருந்தால் அது யாருடையது? மார்கா மின்கோ எழுதிய ‘முகவரி’ என்னும் டச்சுச் சிறுகதை இவ்வினாவைச் சுற்றியே அமைந்துள்ளது.

கதையின் பின்புலம்

1940 மே மாதத்தில் செருமனி நெதர்லாந்தைக் கைப்பற்றியது. அங்கு வாழ்ந்த யூதர்கள் ஏறத்தாழ 1,40,000 பேர். அவர்களுள் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் போர் முடிவதற்குள் கொல்லப்பட்டனர். 1920இல் பிறந்த மின்கோ, பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் அவ்வழிவில் இழந்து தாம் மட்டும் எஞ்சியவர். ஆயினும் இக்கதையில் படைவீரர் எவரும் வருவதில்லை. வதைமுகாம் பற்றிய வருணனையும் இல்லை. ஒரு கதவு, ஒரு கம்பளிச் சட்டை, ஒரு மேசைவிரிப்பு, சில கரண்டிகள் ஆகியவற்றைக் கொண்டே போரின் இழப்பு முழுவதும் உணர்த்தப்படுகிறது.

தாயும் டோர்லிங் அம்மையாரும்

கதைசொல்லி ஓர் இளம்பெண். போரின் தொடக்கத்தில் சில நாள் தங்க வீட்டிற்கு வந்தபோது, பல பொருள்கள் குறைந்திருப்பதைக் காண்கிறாள். நெடுங்காலம் தொடர்பற்றிருந்த பழைய அறிமுகமான டோர்லிங் அம்மையார், அண்மையில் அடிக்கடி வந்து, பாதுகாப்பதாகக் கூறி விலையுயர்ந்தவற்றைத் தம் வீட்டிற்கு எடுத்துச் செல்வதாகத் தாய் விளக்குகிறாள். சுமையைத் தூக்கி அந்த அம்மையாருக்கு முதுகு வலிக்குமே என்று கூடக் கவலைப்படுகிறாள். மகளுக்கு எழும் ஐயம் தாய்க்கு எழவில்லை. எழுந்திருந்தாலும், உதவ வந்தவரை ஐயுறுவது பண்பாகாது என அவள் அதனை அடக்கியிருப்பாள். மார்கோனி தெரு, 46ஆம் எண் வீடு என்னும் முகவரியை மகளிடம் சொல்லி வைத்ததே அத்தாய் செய்த ஒரே முன்னேற்பாடு.

டோர்லிங் அம்மையாரைத் திருடி என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவது மாணவர்க்கு எளிது. கதை அத்தகைய எளிய தீர்ப்பிற்கு இடம் தரவில்லை. போருக்குப்பின் கதைசொல்லி முதன்முறை கதவைத் தட்டும்போது, அவர் அதனைச் சிறிதளவே திறந்து வழிமறித்து நிற்கிறார். அடையாளம் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. அவர் உடலில் இருந்ததோ கதைசொல்லியின் தாய் அணிந்த பச்சைப் பின்னல் சட்டை. எவருமே திரும்பவில்லை என்று தாம் எண்ணியிருந்ததாக அவர் கூறுவது உற்றுநோக்கத்தக்கது. பாதுகாத்தல் எந்த நாளில் உடைமை கொள்ளுதலாக மாறிற்று என்பதை அவரே அறிந்திருக்கமாட்டார். உரியவர் வரமாட்டார் என்ற நம்பிக்கையே அம்மாற்றத்தைச் செய்தது. உயிருடன் ஒருத்தி வாயிலில் நிற்பது அவருக்கு அச்சமூட்டுவதும் அதனாலேயே.

அறியாச் சிறுமி

இரண்டாம் முறை கதவைத் திறப்பவள், பதினைந்து வயது மதிக்கத்தக்க அவருடைய மகள். எதுவும் அறியாத அச்சிறுமி விருந்தினரை அன்புடன் உள்ளே அழைக்கிறாள். கூடம் முழுவதும் கதைசொல்லியின் வீட்டுப் பொருள்கள். ஆனால், அவை தாறுமாறாக, பொருந்தாமல் வைக்கப்பட்டுள்ளன. கம்பளி மேசைவிரிப்பின் ஓரத்தில் இருக்கவேண்டிய தீப்பட்ட வடுவை அவள் விரல்கள் தேடிக் கண்டடைகின்றன. நம் பித்தளைக் குடத்தில் வெட்டிய பெயரின் இடத்தில், இக்கதையில் அவ்வடு இருக்கிறது. வேறுபாடு ஒன்றே: வெட்டிய பெயரை ஊரார் எவரும் படிக்கலாம், அவ்வடுவைப் படிக்கத் தெரிந்தவள் உலகில் ஒருத்தியே.

நாள்தோறும் புழங்கும் அழகிய பொருள்கள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும், ஏதேனும் ஒன்று காணாமற்போனால்தான் தெரியும் என்ற கருத்தைச் சிறுமி இயல்பாகக் கூறுகிறாள். தான் யாரிடம் பேசுகிறோம் என்பதை அறியாமல் சொல்வதால் அக்கூற்று கேட்பவளைச் சுடுகிறது. கதையின் மிகக் கூரிய இடம் இதுவே. தாயை வெறுப்பது எளிது. மகளை வெறுக்க இயலாது. அவளுக்கு அது பிறந்து வளர்ந்த வீடு, அவள் கை பழகிய கரண்டிகள்.

கதைசொல்லி எதையும் கேட்கவில்லை; எழுந்து வெளியேறுகிறாள். அவள் இப்போது வசிக்கும் வாடகை அறையில் சன்னல்களில் போர்க்கால இருட்டடிப்புத் தாள் இன்னும் கிழிந்து தொங்குகிறது. அந்த வெள்ளிக் கரண்டிகளுக்கு அங்கே இடமில்லை. முகவரியை மறந்துவிடுவதென்று முடிவு செய்கிறாள். இம்முடிவைத் தோல்வி எனக் கொள்வோர் உண்டு. பொருள்களை மீட்டால் வீடு மீளாது, வீட்டாரும் மீளார் என்பதை அக்கூடத்தில் அமர்ந்திருந்த சிறுபொழுதில் அவள் கண்டுகொண்டாள் எனக் கொள்வதே கதைக்குப் பொருந்தும்.

தமிழகத்தில் இருமுகவரி

அடைக்கலப் பொருள் கைமாறும் சிக்கல் தமிழக வரலாற்றிற்கும் புதிதன்று. 1688இல் ஔரங்கசீப்பின் படையெடுப்புக்கு அஞ்சிக் காஞ்சிபுரம் கோயில்களின் திருமேனிகள் மறைவாக உடையார்பாளையத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டன. அச்சம் நீங்கியபின் வரதராசப் பெருமாளைத் திருப்பித்தர உடையார்பாளையத் தலைவர் மனம் ஒப்பவில்லை. ஆத்தான் சீயர் வேண்டியதன்பேரில் லாலா தோடர்மல் என்னும் படைத்தலைவர் முயன்று, 1710இல் பெருமாளைக் காஞ்சிக்கு மீட்டுவந்தார். இச்செய்தியைக் காஞ்சிக் கோயிலின் கல்வெட்டு கூறுகிறது. அவ்வாண்டுகளில் பிறந்து வளர்ந்த உடையார்பாளையத்துப் பிள்ளைகளுக்கு அவர் தம் ஊர்ப் பெருமாளாகவே இருந்திருப்பார்; கதையின் சிறுமியை இங்கு நினைக்கலாம்.

காஞ்சியிலிருந்து சென்ற பொன் காமாட்சியோ திரும்பவேயில்லை. தஞ்சாவூர் வந்து, மேலவீதியில் பங்காரு காமாட்சியாகக் கோயில் கொண்டாள். திருவாரூரில் 1762இல் பிறந்த சியாமா சாத்திரி அவளுக்கு வழிபாடு செய்த மரபினர். அவளை முன்னிறுத்தியே அவருடைய கீர்த்தனைகள் பல பிறந்தன. காஞ்சியின் இழப்பைத் தஞ்சையின் இசையிலிருந்து பிரித்தெடுத்தல் இனி எவராலும் இயலாது. டோர்லிங் அம்மையார் செய்ததை இதனால் நியாயப்படுத்த முடியுமா என்பது வகுப்பறையில் வாதிடத்தக்க வினா. வழிபடுவோர் உயிரோடு தாமே சுமந்து வந்த திருமேனிக்கும், கொலைக்களம் சென்றவர் விட்டுச்சென்ற கரண்டிக்கும் இடையிலுள்ள தொலைவை மறவாமல் வாதிடுதல் வேண்டும்.

கற்பவை கற்றபின்

உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ பெயர் வெட்டிய பழைய பாத்திரம் ஒன்றைத் தேடுக. அதிலுள்ள பெயருக்குரியவர் யார், அது எவ்வழியாக அவ்வீட்டிற்கு வந்தது என்பதைப் பெரியோரிடம் கேட்டு ஒரு பக்க அளவில் எழுதுக. பெயருக்குரியவர் யாரென எவருக்கும் தெரியவில்லையெனில், அதனையும் எழுதுக.