குலுக்கலில் பெயர் வராத பிள்ளை (ஜும்ஆ பயான்)





அஸருக்குப் பின் மக்தபுக்கு அக்காவோடு வரும் நாலு வயதுச் சிறுவன் ஒருநாள் என்னிடம், "நான் மக்குப் பையனா ஹஜ்ரத்?" என்று கேட்டான். தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. இடம் பெரியத்தா மகனுக்குக் கிடைத்தது, இவனுக்குக் கிடைக்கவில்லை. வீட்டுப் பேச்சைக் கேட்டு அவனே முடிவு கட்டிக்கொண்டான்.

உண்மை என்ன? 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி, சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களை ஏழை, பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தர வேண்டும். விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைத்து வடிகட்டுவதை 13-ஆம் பிரிவு தடுக்கிறது. எந்தக் குழந்தையின் அறிவையும் எடைபோடக் கூடாது என்பதற்காகத்தான் குலுக்கல். அதை வீட்டில் நாம் தோல்வியாக்கிவிடுகிறோம்!

பயணம் புறப்படும்போது நபி (ஸல்) அவர்கள் தம் மனைவியரிடையே சீட்டுக் குலுக்குவார்கள். பெயர் வராதவர் மதிப்பில் குறைந்துவிட்டாரா? இல்லையே!

ஆனாலும் பிள்ளையின் துக்கம் துக்கம்தான். அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூஉமைர், தான் வளர்த்த சின்னப் பறவை இறந்து வாடியிருந்தபோது, நபியவர்கள் அந்தப் பறவையைப் பற்றியே அவரிடம் அன்பாக விசாரித்தார்கள். "இதெல்லாம் ஒரு கவலையா?" என்று ஒதுக்கவில்லை.

நீங்களும் பிள்ளையை மடியில் அமர்த்துங்கள். "சீட்டில் உன் பெயர் வரவில்லை, அவ்வளவுதான், நீ எதிலும் தோற்கவில்லை" என்று சொல்லுங்கள். அழுதால் அழட்டும். பெரியத்தா மகனோடு ஒப்பிடாதீர்கள். யூசுஃப் (அலை) அவர்களின் சகோதரர்களைப் பொறாமை எங்கே கொண்டுபோனது என்பதை நாம் அறிவோம்.

திருவேங்கடத்தில் தீப்பெட்டி ஆபீஸ் கூலியில் பிள்ளை வளர்க்கும் தாய்க்கு அந்த இடம் எவ்வளவு பெரிதென்று எனக்குத் தெரியும். அதற்காகப் பொய்யான வருமானச் சான்றிதழும் வட்டிக் கடனும் வேண்டாம். பிள்ளையின் முதல் பாடமே பொய்யாகிவிடக் கூடாது. அரசுப் பள்ளியில் சேர்த்தாலும், முதல் நாள் புதுச்சட்டை போட்டு, துஆ செய்து, சந்தோஷமாகக் கைபிடித்து அழைத்துப் போங்கள். அந்தப் பள்ளி மட்டமா, மேலா என்பதை அவன் உங்கள் முகத்தில்தான் படிப்பான்.

அன்று நான் அவனிடம், "நீ மக்கு இல்லைப்பா" என்றேன். அதை அவன் முதலில் கேட்டிருக்க வேண்டியது அவன் அத்தாவின் வாயிலிருந்து.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், நமக்கு அவர்களின் மனதைக் காக்கும் பக்குவத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.