கவலையும் உடல் எடையும்

"மகள் கல்யாணக் கவலையிலேயே பாதியாயிட்டா" என்று ஒரு தாயைப் பற்றிச் சொல்வார்கள். அடுத்த தெருவிலேயே, வீட்டுக்காரருக்கு வேலை போன நாளிலிருந்து பருத்துக்கொண்டே போகும் அம்மாளும் இருப்பார். கவலை ஒருவரை இளைக்க வைக்கிறது, இன்னொருவரைப் பருக்க வைக்கிறது. இது எப்படி?

நம் சிறுநீரகங்களின் மேல் தொப்பி வைத்தாற்போல் இரண்டு சிறு சுரப்பிகள் உள்ளன. அட்ரினல் சுரப்பிகள் என்று பெயர். திடீரென்று பயமோ பதற்றமோ வந்தால் இவை அட்ரினலினைச் சுரக்கின்றன. நெஞ்சு படபடக்கிறது. இரைப்பை தன் வேலையைக் குறைத்துக்கொள்கிறது. பரீட்சையன்று பிள்ளைக்கு இட்லி தொண்டையில் இறங்காததற்கு இதுவே காரணம். அதட்டிப் பயனில்லை, ஒரு டம்ளர் பால் கொடுத்து அனுப்புங்கள்.

கவலை மாதக்கணக்கில் நீடித்தால் கதை வேறு. அதே சுரப்பிகளிலிருந்து கார்ட்டிசால் என்னும் மற்றொரு சுரப்புநீர் கூடுதலாக வருகிறது. பலருக்கு இது பசியைக் கிளப்பும். அதுவும் கீரையும் மோரும் கேட்கிற பசியல்ல. இனிப்பும் எண்ணெய்ப் பலகாரமும் கேட்கிற பசி. கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேரப் பார்க்கும். தூக்கம் கெட்டால் பசி இன்னும் ஏறும். "நான் சோறே சாப்பிடறதில்லை, ஆனாலும் உடம்பு போடுது" என்பவரிடம் டீக்கணக்கைக் கேட்டுப் பாருங்கள். இரண்டு கரண்டி சர்க்கரை போட்டு நாளைக்கு ஐந்து டீ என்றால் 50 கிராம் சர்க்கரை, அதாவது 200 கலோரி. பாலும் பிஸ்கட்டும் தனி.

வேறு சிலருக்கு நீண்ட கவலையில் பசியே செத்துவிடும். ரெண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு திம்மென்று ஆகிவிடும். இவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை சாப்பிடலாம்.

ஆனால் எடை குறைந்ததற்கெல்லாம் கவலைதான் காரணம் என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. மாமியாருடன் சண்டை போட்டே மருமகள் இளைத்தாள் என்று ஊர் பேசிக்கொண்டிருக்கும். உள்ளே காசநோய் வேலை செய்துகொண்டிருக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், இரவில் வியர்வை இருந்தால் சளிப் பரிசோதனை அவசியம். அரசு மருத்துவமனைகளில் சோதனையும் மாத்திரையும் இலவசம். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், கூடவே இளைப்பு என்றால் சர்க்கரை நோயா என்று பார்க்க வேண்டும். தைராய்டு சுரப்பி அதிகமாக வேலை செய்தாலும் படபடப்பு, கைநடுக்கம், இளைப்பு வரும். பார்ப்பதற்கு அப்படியே பதற்றக்காரர் மாதிரிதான் தெரிவார். இரத்தப் பரிசோதனை உண்மையைச் சொல்லிவிடும்.

எவ்வளவு குறைந்தால் டாக்டரிடம் போவது? பட்டினி கிடக்காமல், எதுவும் முயற்சி செய்யாமல், ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் குறைந்தால் காட்ட வேண்டும். 50 கிலோ இருந்தவர் 47½-க்குக் கீழே வந்தால் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை, காலையில், ஒரே எடை மெஷினில் பார்த்துக் குறித்து வையுங்கள். (ரயில் நிலைய மெஷினில் காசு போட்ட காலத்தில் சீட்டின் பின்பக்கத்து ஜோசியத்தைத்தான் பலரும் முதலில் படித்தோம்.) பருத்தவர்கள் இடுப்புச் சுற்றளவையும் அளக்கலாம். பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது.

கவலையால் பருத்தவர் பட்டினி கிடந்து இளைக்க நினைப்பது வீண். தினம் அரைமணி நேரம் வேகமாக நடப்பது எடைக்கும் நல்லது, தூக்கத்துக்கும் நல்லது. மனநோய்க்கான மாத்திரைகளில் சில எடையைக் கூட்டும். அதற்காக நீங்களாகவே நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார்.

பிரசவமான பெண் சாப்பிடாமல், தூங்காமல், காரணமின்றி அழுதுகொண்டிருந்தால் "பிள்ளை பெத்தவ அப்படித்தான்" என்று வீட்டார் விட்டுவிடக் கூடாது. இது மருந்தால் தீரும் நோயாக இருக்கலாம். கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள். வெளியே சொல்லக் கூச்சப்படுபவர்கள் 14416 என்ற இலவச எண்ணில் மனநல ஆலோசகரிடம் தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய இச்சேவை இரவிலும் உண்டு.