நீங்களே அசெம்பிள் செய்த புது கம்ப்யூட்டர் கண் திறக்கவில்லையா?

பட்டனை அழுத்தினால் மூச்சே இல்லையா? பவர் சப்ளையின் பின்பக்க சுவிட்ச் கோடு போட்ட பக்கம் இருக்கிறதா பாருங்கள். வட்டம் என்றால் ஆஃப். பிறகு மதர்போர்டின் கீழ்மூலையில் பவர் பட்டனின் இரட்டைப் பின் ஒயர் சரியான இடத்தில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். எழுத்து பொடியாக இருக்கும், டார்ச் தேவை.

ஃபேன் சுற்றியும் திரை இருட்டா? பிராசஸர் பக்கத்து 8 பின் கேபிளை மறந்திருப்பீர்கள் (நானும் மறந்தவன்தான்). அதுவும் சரியென்றால், கரண்டை நிறுத்திவிட்டு ஒரே ஒரு ராமை, பிராசஸரிலிருந்து இரண்டாவது ஸ்லாட்டில், ‘டக்’கென்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். கிராபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கேபிள் அதில்தான்.

டிடிஆர்5 ராம் என்றால், முதல்முறை திரை உயிர்பெறச் சில நிமிடம் எடுத்துக்கொள்ளும். பதறி அணைத்துவிடாதீர்கள்.