1911 கைத்துப்பாக்கிக்கு .22 மாற்றுத் தொகுதி: தேர்வு, பொருத்தம், பழக்குதல்

அமெரிக்காவில் ‘புல்ஸ்ஐ’ என்று அழைக்கப்படும் மரபுக் கைத்துப்பாக்கிப் போட்டியின் முழு வடிவத்தில் போட்டியாளர் 270 முறை சுட வேண்டும். ஒரு சுடுதலுக்கு 10 புள்ளி என்பதால், கிடைக்கக்கூடிய உச்ச மதிப்பெண்ணான 2700 என்பதே அப்போட்டிக்குப் பெயராகிவிட்டது. முதல் 90 சுடுதல் .22 தோட்டாவுக்கும், அடுத்த 90 சென்டர்ஃபயர் தோட்டாவுக்கும், கடைசி 90 .45 தோட்டாவுக்கும் உரியவை. இரண்டாம் பகுதியையும் .45-ஐக் கொண்டே சுட விதி இடம் தருவதால், .45 தோட்டாவைச் சுடும் 1911 கைத்துப்பாக்கியிலேயே .22-ஐயும் சுட முடிந்தால், போட்டி முழுவதும் ஒரே பிடி, ஒரே விசை, ஒரே கைப்பழக்கம் என்ற பெரும் வசதி கிடைக்கிறது. அந்த வசதியைத் தருவதே மாற்றுத் தொகுதி.

சென்டர்ஃபயர் தோட்டாவில் தீப்பற்றும் மருந்து அடிப்பகுதியின் நடுவில் தனிக் குமிழாக இருக்கும். ரிம்ஃபயர் தோட்டாவிலோ அது அடிவிளிம்பின் மடிப்புக்குள்ளேயே நிரப்பப்பட்டிருப்பதால், துப்பாக்கியின் அடிமுள் விளிம்பை நசுக்கினால்தான் தோட்டா வெடிக்கும். 1887 முதல் வழக்கிலுள்ள .22 லாங் ரைஃபிள் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. மாற்றுத் தொகுதி என்பது ஸ்லைடு (மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதி), குழல், சுருள்வில், மேகசின் ஆகியவற்றின் கூட்டு. பிடியும் விசையும் சுத்தியலும் அடங்கிய ஃபிரேம் பழையதே. எனவே தயாரிப்பாளர் விற்பது பாதித் துப்பாக்கி மட்டுமே. மீதிப் பாதி வாங்குபவரிடம் இருக்கிறது, இரண்டையும் இணங்க வைக்கும் வேலையும் அவருடையதே. இதை உணராதவர்கள்தாம் முதல் நூறு தோட்டாக்களுக்குள் தொகுதியைக் குறைகூறித் திருப்பி அனுப்புகிறார்கள்.

1. வகையை அறிதல்

ஏறத்தாழ 15 கிராம் எடையுள்ள .45 குண்டு நொடிக்குச் சுமார் 250 மீட்டர் வேகத்தில் செல்ல, 2.6 கிராம் எடையுள்ள .22 குண்டு சுமார் 325 மீட்டர் வேகத்தில் செல்கிறது. எடையையும் வேகத்தையும் பெருக்கிப் பார்த்தால், சிறிய தோட்டாவின் உந்தம் பெரியதன் நான்கில் ஒரு பங்கைக்கூட எட்டாது. அந்த உந்தத்தால் .45-இன் எஃகு ஸ்லைடை முழுத் தொலைவு பின்தள்ள முடியாது என்பதே இத்துறையின் அடிப்படைச் சிக்கல். தொகுதிகளின் வகைகள் அனைத்தும் அச்சிக்கலுக்குக் கண்ட விடைகளே.

1930-களில் கோல்ட் நிறுவனம் கண்ட விடை, டேவிட் மார்ஷல் வில்லியம்ஸ் வடிவமைத்த ‘மிதக்கும் அறை’. தோட்டா அமரும் அறையைக் குழலிலிருந்து பிரித்துத் தனித்துண்டாக்கி, அதன் முகப்பில் வெடிவாயு மோதும்படி செய்ததால், ஸ்லைடுக்குக் கிடைக்கும் தள்ளுவிசை பன்மடங்கானது. ஆயினும் ஈயமும் கரியும் அந்த இடைவெளியில் படிந்து அறையை இறுக்கிவிடும் குறை அதற்கு உண்டு. பின்வந்த சிறு தயாரிப்பாளர்கள் எதிர்த்திசையில் சென்று ஸ்லைடின் எடையைக் குறைத்தார்கள்: ஃப்ளோரிடாவின் ஜொனாதன் ஆர்தர் சீனர், கலிஃபோர்னியாவின் அட்வாண்டேஜ் ஆர்ம்ஸ் போன்றோரின் தொகுதிகளில் ஸ்லைடு அலுமினியக் கலவையால் ஆனது. மார்வெல், நெல்சன் ஆகிய பெயர்களில் அறியப்படும் தொகுதிகளில் முன்பகுதி குழலோடு ஃபிரேமில் அசையாமல் நிற்க, பின்பகுதி மட்டும் நகர்கிறது. குறிபார்க்கும் கருவியும் குழலும் ஒன்றையொன்று விட்டு விலகாததால் துல்லியம் கூடுகிறது. செக் நாட்டின் CZ 75 கைத்துப்பாக்கிக்கான ‘கடேட்’ தொகுதியும் இதே கொள்கையில் எஃகால் செய்யப்பட்டது. இலக்குப் போட்டிக்கு இவ்வாறு பிளவுபட்ட ஸ்லைடு வகையையும், வெறும் பயிற்சிக்கு அலுமினிய முழு ஸ்லைடு வகையையும் தேர்வதே முறை.

2. வாங்கும் முன்

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் வரிசை எண் பொறித்த ஃபிரேமே துப்பாக்கியாகக் கருதப்படுவதால், ஃபிரேம் இல்லாத தொகுதியை வாங்குவது எளிது; எனினும் மாநிலச் சட்டங்கள் வேறுபடும். இந்தியாவின் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் உதிரிப் பாகங்களையும் ஆயுதம் என்ற வரையறைக்குள் வைத்திருப்பதால், அங்கே இந்த எளிமைக்கு இடமில்லை.

சிறு பட்டறைகளில் வாங்குபவர் தம் ஃபிரேமைத் தயாரித்தவர் யார், அடிமுள்ளைத் தடுத்து நிறுத்தும் கூடுதல் பூட்டு (1983 முதல் கோல்ட் சேர்த்த ‘சீரீஸ் 80’ அமைப்பு) அதில் உண்டா, சுத்தியல் வில் மாற்றப்பட்டிருக்கிறதா என்ற மூன்றையும் முன்கூட்டியே எழுதித் தெரிவிக்க வேண்டும். தொகுதியோடு சேர்த்து நான்கு மேகசின்களும், இரண்டு சுருள்வில்களும், ஒரு அடிமுள்ளும் வாங்கிவிட வேண்டும். ஓரிருவரின் உழைப்பில் நடக்கும் பட்டறை மூடப்பட்டால், அதன் மேகசினை வேறெவரும் செய்வதில்லை.

3. கழற்றலும் மாட்டலும்

.45 தோட்டாக்கள் அனைத்தையும் மேசையிலிருந்து அகற்றி, மேகசினை எடுத்து, அறை காலியென்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்த பின், 1911-ஐ வழக்கம்போலக் கழற்றித் தொகுதியை மாட்டலாம். எடுத்த மேற்பகுதியை எண்ணெய்த் துணியில் சுற்றி வைப்பது நல்லது. இறுக்கும் திருகு உள்ள தொகுதிகளில் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு மேல் ஒரு நூல்கூட முறுக்கக் கூடாது.

கையால் இழுத்தால் ஸ்லைடு சொரசொரப்பின்றிப் பின்னே நகர வேண்டும். இறுக்கமாக இருந்தால் தண்டவாளப் பள்ளங்களில் எண்ணெய் விட்டு இருநூறு முறை கையால் இழுத்து விட்டால் பெரும்பாலும் சரியாகும். ஃபிரேமில் அரம் படவே கூடாது: தொகுதியை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அராவிய ஃபிரேமோ .45-க்கும் உதவாமல் போகும்.

4. தோட்டாவின்றிச் சோதித்தல்

ரிம்ஃபயர் அடிமுள், காலி அறையில் விசையை இழுத்தால், தோட்டா விளிம்பு இருக்க வேண்டிய இடத்தில் அறையின் உலோக ஓரத்தையே குத்திக் குழிவு உண்டாக்கும். அந்தக் குழிவின் பிசிறு பின்னர் தோட்டாவை உள்ளே அமரவிடாது. இதற்கெனப் போலித் தோட்டாக்கள் விற்பனையில் உண்டு. ஆனால் சுவரில் திருகு மாட்டுவதற்காகத் துளைக்குள் செருகும் மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் பிளக், அமெரிக்கக் கடைகளில் 4-6 எண்ணில் கிடைப்பது, .22 அறையில் அளவாகப் பொருந்துவதோடு, குத்துப்பட்டால் தூக்கி எறியும் விலையிலும் இருக்கிறது. இதைவிடச் சிறந்த குறுக்குவழி இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

பிளக்கை அறையில் வைத்து மூன்றைச் சோதிக்க வேண்டும். காப்புப் பூட்டு போட்டிருக்கையில் விசையை இழுத்தால் சுத்தியல் விழக் கூடாது. பிடிக்காப்பை அழுத்தாமல் இழுத்தாலும் விழக் கூடாது. விசையை இழுத்தபடியே ஸ்லைடை ஒருமுறை இழுத்து விட்டால் சுத்தியல் எழுந்து நிற்க வேண்டும், விசையைத் தளர்த்தி மறுபடி இழுத்தால் மட்டுமே விழ வேண்டும். ஒன்று தவறினாலும் தோட்டா ஏற்றுவதற்கு இடமில்லை.

5. முதல் 500 தோட்டாக்கள்

பெரும்பாலோர் இடறுவது இங்கேதான். புதுத் தொகுதியின் உராய்வு மிகுதி, தோட்டாவின் உந்தம் குறைவு, சுத்தியலை நிமிர்த்தவும் ஸ்லைடே உழைக்க வேண்டும். 1911-இன் வழக்கமான சுத்தியல் வில் 23 பவுண்டு, அதாவது பத்துக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட விசை கொண்டது. ஆகவே தொடக்கத்தில் வேகம் மிகுந்த 40 கிரெய்ன் (2.6 கிராம்) குண்டுள்ள தோட்டாக்களையே, எடுத்துக்காட்டாக CCI மினி-மேக்கை, பயன்படுத்த வேண்டும். ஒலியின் வேகத்துக்குக் கீழ்ப்பட்ட போட்டித் தோட்டாக்களின் முறை உராய்வு தேய்ந்த பிறகே வருகிறது. அடுத்து எண்ணெய்: தண்டவாளப் பள்ளங்கள் ஈரமாகவும் அறை உலர்ந்தும் இருக்க வேண்டும். அடுத்து மணிக்கட்டு: தளர்ந்த கை பின்னுதைப்பில் ஒரு பங்கை விழுங்கிவிடும்.

மேகசினில் தோட்டா அடுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். .22-இன் விளிம்பு உடலைவிட அகன்றிருப்பதால், மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் அமர வேண்டும்; பின்னால் அமர்ந்தால் ஒன்றையொன்று கொக்கிபோல் பிடித்துக்கொண்டு மேலேறாது. மேகசினின் பக்கவாட்டுப் பொத்தானை அடிவரை இழுத்துப் பிடித்துத் தோட்டாக்களைக் கொட்டுவது இந்தக் கோளாறை விலைகொடுத்து வாங்குவதாகும். ஒவ்வொரு தோட்டாவுக்கும் தேவையான அளவு மட்டுமே பொத்தானை இறக்க வேண்டும். மேகசின்கள் ஒவ்வொன்றிலும் வண்ணத்தால் எண் எழுதி, எந்த எண்ணில் எத்தனையாவது தோட்டா சிக்கியது என்று குறித்துவந்தால், கோளாறு மேகசினுடையதா தொகுதியுடையதா என்பது ஒரே நாளில் தெளிவாகும்.

சிக்கலின் வடிவம் காரணத்தைச் சொல்லிவிடும். காலிக்கூடு வாயிலில் செங்குத்தாக நின்றால், ஸ்லைடு முழுத் தொலைவு பின்செல்லவில்லை: தோட்டா வலுக்குறைவு, எண்ணெய் குறைவு, பிடி தளர்வு என்ற வரிசையில் ஆராய வேண்டும். ஸ்லைடு கடைசி ஓரிரு மில்லிமீட்டர் மூடாமல் நின்றால், ஈயக்குண்டின் மெழுகு அறையில் படிந்திருக்கிறது. சுத்தியல் விழுந்தும் வெடிக்காவிட்டால், துப்பாக்கி முனையை இலக்கை நோக்கியே வைத்து 30 நொடி காத்திருந்து, பிறகே தோட்டாவை வெளியெடுத்து அதன் விளிம்பைப் பார்க்க வேண்டும்: ஆழமான தடம் தோட்டாவின் குறையையும், மேலோட்டமான தடம் அடி வலுவாக விழாததையும் காட்டும். இரண்டாம் அடியில் மட்டும் வெடிக்கும் பழக்கம் தொடர்ந்தால், முதல் அடி தோட்டாவை அறைக்குள் தள்ளுவதிலேயே செலவாகிறது என்று பொருள். வில்லை அல்ல, அறையைத்தான் துடைக்க வேண்டும். வழக்கத்தைவிட மெல்லிய ஓசை கேட்டால் உடனே நிறுத்தி, காலிசெய்து கழற்றி, குழலில் குண்டு தங்கியிருக்கிறதா என்று பார்த்த பின்னரே அடுத்ததைச் சுடலாம்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். தோட்டாவையும் வில்லையும் சேர்த்து மாற்றியவருக்கு எது குணமாக்கியது என்று எப்போதும் தெரியாது. சுத்தியல் வில்லை இலகுவாக்குவது கடைசி மருந்து: ஸ்லைடின் சுமை குறையும் அதே அளவுக்கு விளிம்பில் விழும் அடியும் மெலியும்; .45-க்குத் திரும்பும்போது விசையின் உணர்வும் மாறியிருக்கும். 500 தோட்டாக்களுக்குப் பிறகும் கோளாறு நீடித்தால் குறிப்பேட்டோடு தயாரிப்பாளரை அணுக வேண்டும். தாமே அராவிச் செய்த சிறு பட்டறைக்காரருக்கு அந்தக் குறிப்புகள் புலம்பலைவிட ஆயிரம் மடங்கு பயன்படும், பெரும்பாலும் அவரே சரிசெய்தும் தருவார்.

6. குறியும் துப்புரவும்

குறியை 25 கெஜத்தில் (சுமார் 23 மீட்டர்) அமைத்து, பின்பு 50 கெஜத்தில் சரிபார்க்க வேண்டும். தோட்டா வகையை மாற்றினால் குறியையும் மீண்டும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு 300 தோட்டாவுக்கும் அறையையும், காலிக்கூட்டை இழுக்கும் கொக்கியின் அடியையும் துடைத்தால் போதும். குழலைத் தேய்த்துக்கொண்டே இருப்பது துல்லியத்தைக் கூட்டுவதில்லை. ஈயத்தூசு உடலுக்குக் கேடு என்பதால், உண்ணும் முன் கைகளைக் குளிர்ந்த நீரிலும் சோப்பிலும் கழுவியாக வேண்டும்.

இந்த வரிசையில் பழக்கப்பட்ட தொகுதி, நொடிக்கணக்கில் ஐந்து முறை சுட வேண்டிய விரைவுச் சுற்றில்கூடச் சுடுபவரின் கவனத்தைத் தன்பக்கம் இழுப்பதில்லை. முதல் 90 சுடுதலில் விசையின் மீது விரலுக்குப் பழகிய அழுத்தம், மேற்பகுதியை மாற்றியபின் மீதி 180-க்கும் அதே ஃபிரேமில் மாறாமல் தொடர்கிறது.