அண்டை எழுத்தைப் பார், ஒலி தெரியும்

பேராக் மாநிலத்தின் மஞ்சோங் மாவட்டத்திலுள்ள ஆயர் தாவாரில் ஊர்ப்பெயரே நமக்கு முதற்பாடமாக அமைகின்றது. 'ஆயர்' என்றால் நீர். 'தாவார்' என்றால் உப்பற்றது. நன்னீர் என்பது பொருள். ஊர்ப்பெயரின் முதற்சொல்லை ஏ, ஒய், இ, ஆர் என்னும் நான்கு எழுத்துகளால் எழுதுகின்றோம். ஆனால், பிள்ளைகளின் மலாய்ப் புத்தகத்தில் நீரைக் குறிக்கும் அதே சொல் ஏ, ஐ, ஆர் என மூன்றே எழுத்துகளில் காணப்படும். 1972ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16ஆம் நாள் மலேசியாவும் இந்தோனேசியாவும் பொதுவான எழுத்துமுறையை அறிவித்தன. அதன்படி சொல் மாறிற்று. ஊர்ப்பெயர் பழைய எழுத்திலேயே நின்றுவிட்டது.

அந்த மூன்று எழுத்துகளையே ஆங்கிலப் புத்தகத்தில் கண்டால் 'ஏர்' என வாசிக்கவேண்டும், பொருள் காற்று. ஒரு புத்தகத்தில் நீர், மறு புத்தகத்தில் காற்று!

தமிழ்ப்பள்ளியில் பயிலும் நம் பிள்ளைகள் மும்மொழிகளையும் இளவயதிலேயே கற்கின்றனர். மலாய்க்கும் ஆங்கிலத்திற்கும் எழுத்து ஒன்றே, ஒலிமுறை வேறு. ஆகவே அவர்கள் தடுமாறுவது இயல்பு. அதனை மந்தம் எனக் கருதி ஏசுதல் தவறு. "நமக்கு ஆங்கிலம் தெரியாதே, எப்படி உதவுவது?" எனப் பெற்றோர் ஒதுங்கவும் வேண்டியதில்லை.

நாம் அறிந்த முறையே

கடல், தங்கம், பகல் என்னும் சொற்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'க' என்னும் எழுத்து ஒன்றே, ஒலியோ மூன்று. அண்டை எழுத்தைக் கொண்டே அதன் ஒலியை நாம் அறிகின்றோம். ஆங்கிலத்திலும் பல இடங்களில் இதுவே வழி.

'சி' என்னும் எழுத்து

மலாயில் இதற்கு ஒரே ஒலி. 'அச்சம்' என்னும் சொல்லில் வரும் 'ச்ச' போன்றது. ஆங்கிலத்தில் அடுத்த எழுத்தைப் பார்க்கவேண்டும். இ, ஐ, ஒய் வந்தால் 'ஸ்' என ஒலிக்கும்: ஆபிஸ், ரைஸ். ஏ, ஓ, யூ வந்தாலும் எல் முதலிய மெய்கள் வந்தாலும் 'க்' என ஒலிக்கும்: காப்பி, கிளினிக். எச் சேர்ந்தால் பெரும்பாலும் 'ச்ச' ஆகும். 'சைக்கிள்' என்னும் ஆங்கிலச் சொல்லில் 'சி' இருமுறை வருகின்றது. முன்னது 'ஸ்', பின்னது 'க்'. கிளினிக்கை மலாயில் எழுதும்போது 'க்' ஒலிக்குக் 'கே' எழுத்தையே இடுவர்.

ஒலிக்காத 'இ'

மரம் சீவுதலை ஆங்கிலத்தில் 'டெப்' என்பர். அச்சொல்லின் இறுதியில் 'இ' சேர்த்தால் 'டேப்', அதாவது நாடா, ஆகிவிடும். 'இ' தான் ஒலிப்பதில்லை. முன்னுள்ள குறிலை நெடிலாக்குகின்றது. மரம் சீவும் தொழிலை 'டெப்பிங்' என எழுதும்போது 'பி' இரட்டிக்கும். அதுவே குறிலைக் காக்கும். ஒரு 'பி'யை விட்டால் 'டேப்பிங்' ஆகிப் பொருள் கெடும்.

'ரப்பர்' என்னும் சொல்லிலும் நடுவெழுத்து இரட்டிக்கின்றது. 'ரப்' என்றால் தேய்த்தல். இப்பொருள் பென்சில் கோடுகளை அழிக்க உதவும் என 1770ஆம் ஆண்டில் ஜோசப் பிரீஸ்ட்லி எழுதினார். தேய்ப்பதால் வந்த பெயர் அது.

விதிக்கு விலக்கும் உண்டு. கொடுத்தலைக் குறிக்கும் 'கிவ்' என்னும் சொல்லின் இறுதியில் 'இ' இருந்தும் குறில் நீளவில்லை. இத்தகைய சொற்களைத் தனியே மனனம் செய்யவேண்டும்.

வீட்டுப் பயிற்சி

மாலையில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பால் டின்னிலோ மாவுப் பையிலோ உள்ள சொற்களைப் பிள்ளை வாசிக்கட்டும். நீங்கள் மூன்று கேள்விகளைத் தமிழிலேயே கேளுங்கள்:

1. இது மலாய்ச் சொல்லா, ஆங்கிலச் சொல்லா?
2. 'சி'க்கு அடுத்து நிற்கும் எழுத்து எது?
3. இறுதியில் 'இ' உள்ளதா? அது ஒலிக்கின்றதா?

விடை உங்களுக்குத் தெரியாவிடினும் குறையில்லை. காரணம் கூறும் பிள்ளை சிந்திக்கப் பழகும். ஐயத்தை மறுநாள் ஆசிரியரிடம் கேட்டு வரும். மரத்தைப் பார்த்துக் கத்தி வைக்கும் நாம், எழுத்தைப் பார்த்து ஒலி சொல்ல நம் பிள்ளைகளைப் பழக்குவோமாக!