ஏட்டில் பெயர் இருக்கிறதா, சிஸ்டர்?

சித்தூரில் பிறந்து, வேலூரில் நர்சிங் படித்து, திருப்பதியில் வேலை பார்ப்பவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். வீட்டில் தமிழ், வார்டில் தெலுங்கு, கேஸ் ஷீட்டில் ஆங்கிலம். மூன்று மொழியையும் சமாளித்துவிடுகிறார்கள். தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான்: இரண்டு மாநிலம், இரண்டு நர்சிங் கவுன்சில்.

இரண்டுக்கும் வேர் ஒன்று. சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்தபோது, 1926-இல் வந்த நர்ஸ்கள், மிட்வைஃப்கள் சட்டம்தான் இன்றைய தமிழ்நாட்டுக் கவுன்சிலுக்கும் ஆந்திரக் கவுன்சிலுக்கும் தாய். 1953-இல் ஆந்திரா பிரிந்தது, நர்ஸ்களின் பெயரைப் பதியும் ஏடும் பிரிந்தது. இன்று தமிழ்நாட்டு ஏடு சென்னை சாந்தோமில் இருக்கிறது, ஆந்திர ஏடு விஜயவாடாவில். சித்தூர்க்காரர்களுக்கு முதலாவது காலையில் போய் மாலையில் திரும்பும் தூரம். இரண்டாவதற்கு ஓர் இரவு ரயிலில் கழிய வேண்டும். அதனாலேயே பலர் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள்.

இந்தப் பட்டியல் அவர்களுக்காக. கட்டணம், படிவம் போன்றவை அவ்வப்போது மாறும். அவற்றைக் கவுன்சில் இணையதளத்தில் அன்றைய அறிவிப்பைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். மாறாத விஷயங்கள் மட்டும் இங்கே.

செய்ய வேண்டியவை

1. உங்கள் பெயர் எந்த ஏட்டில், எந்தப் பகுதியில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஜிஎன்எம், பிஎஸ்சி நர்சிங் படித்தவர்களுக்கு ஆர்.என்., ஆர்.எம். என்று நர்ஸ் பதிவும் மிட்வைஃப் பதிவும் உண்டு. ஏஎன்எம் படித்தவர்களுக்குத் தனிப் பகுதி. ஆந்திராவில் இதே படிப்பை எம்பிஎச்டபிள்யூ (பெண்) என்பார்கள். கிராம சச்சிவாலயத்தில் வேலை பார்க்கும் ஏஎன்எம் தங்கைகளும் இந்தப் பட்டியலில் அடக்கம். அரசு வேலை கிடைத்துவிட்டது என்பதற்காகப் பதிவு தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது.

2. ஆண்டுக்கு ஒருமுறை காலாவதித் தேதியைக் கண்ணால் பாருங்கள். ஆயுத பூஜைக்கு ஸ்டெதாஸ்கோப்புக்குப் பொட்டு வைக்கும் கையோடு சான்றிதழ் ஃபைலையும் எடுங்கள். பதிவு எண், வழங்கிய தேதி, முடியும் தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதி ஃபைலின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். போனிலும் ஒரு படம் இருக்கட்டும்.

3. பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். நம் ஊரில் புதுப்பித்தலைக் கெடுக்கும் முதல் எதிரி இதுதான். கவிதா என்று ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பு மெமோவில், தெலுங்கு வழக்கப்படி முன்னால் ஓர் இன்டி பேரு, அதாவது வீட்டுப் பெயர், ஏறியிருக்கும். தமிழ்நாட்டுக் கல்லூரிச் சான்றிதழில் அப்பா பெயரின் முதல் எழுத்து இனிஷியலாக நிற்கும். கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் கணவர் பெயர் ஒட்டிக்கொள்ளும். பாஸ்போர்ட் எடுக்கும்போது அந்த இனிஷியல் விரிந்து குடும்பப் பெயராகிவிடும். ஆள் ஒருத்திதான், ஆனால் நாலு தாளில் நாலு பெயர். கம்ப்யூட்டருக்கு அவர்கள் நாலு பேர். பத்தாம் வகுப்பு மெமோவை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கு ஒத்துவரச் செய்யுங்கள். ஆதார் திருத்தம் எளிது, மெமோவைத் திருத்துவதுதான் கஷ்டம். கல்யாணத்தால் பெயர் மாறியிருந்தால், திருமணப் பதிவுச் சான்றும் கெசட் அறிவிப்பும் ஃபைலில் இருக்கட்டும்.

4. தொடர் கல்வி மணிகளை அவ்வப்போது சேருங்கள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தல், அதற்குள் 150 மணி நேரத் தொடர் நர்சிங் கல்வி என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த கணக்கு. ஆண்டுக்கு 30 மணி. ஸ்விம்ஸ் மாதிரி பெரிய ஆஸ்பத்திரிகள் நடத்தும் பயிலரங்கு, கருத்தரங்கு என்று போய்வந்தால் சேர்ந்துவிடும். ஐந்தாம் ஆண்டுக் கடைசியில் 150 மணியையும் ஒரே மூச்சில் தேடினால் கிடைக்காது. சான்றிதழை வாங்கும்போதே மாநிலக் கவுன்சில் அனுமதித்த நிகழ்ச்சிதானா, எத்தனை மணி என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத சான்றிதழ் சுவருக்குத்தான் அழகு.

5. காலாவதிக்கு ஆறு மாதம் இருக்கும்போதே வேலையைத் தொடங்குங்கள். பெயர்த் திருத்தம், தொலைந்த ரசீது, மாறிப்போன போன் நம்பர் என்று ஏதாவது ஒன்று இழுக்கும். ஆறு மாதம் இருந்தால் அது சில்லறை வேலை. ஆறு நாள்தான் இருக்கிறதென்றால் தூக்கம் போய்விடும்.

6. எல்லை தாண்டி வேலைக்குச் சேர்ந்தால் அந்த மாநில ஏட்டிலும் பெயர் ஏற்றுங்கள். அங்கீகாரம் பெற்ற படிப்பு எந்த மாநில ஏட்டில் பதிவதற்கும் போதுமான தகுதி என்று 1947-ஆம் ஆண்டின் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டமே சொல்கிறது. தகுதி இருக்கிறது என்பதற்காகப் பெயர் தானாக ஏறிவிடாது. நீங்கள்தான் விண்ணப்பிக்க வேண்டும். முதலில் பதிந்த கவுன்சில், "இவர் எங்கள் ஏட்டில் இருக்கிறார், ஆட்சேபம் இல்லை" என்று புதிய கவுன்சிலுக்கு உறுதி சொல்ல வேண்டும். அதற்கு முன் பழைய பதிவு உயிரோடு இருக்க வேண்டும். சென்னையில் காலாவதியான பதிவை வைத்துக்கொண்டு விஜயவாடாவில் கதவைத் தட்டினால், முதலில் சென்னைக்குத்தான் திருப்பி அனுப்புவார்கள்.

7. தேசிய அடையாள எண்ணை வாங்கிவிடுங்கள். இந்திய நர்சிங் கவுன்சிலின் பதிவு, தடமறியும் முறையில் ஒவ்வொரு நர்ஸுக்கும் ஒரு தனி எண் உண்டு. நுயிட் என்று சொல்கிறார்களே, அதுதான். ஆதாரோடு இணைந்தது என்பதால் ஆதாரில் இருக்கும் போன் நம்பர் இன்றும் உங்கள் கையில் இருக்க வேண்டும். கல்லூரிக் காலத்தில் அண்ணனின் நம்பரைக் கொடுத்திருந்தால், ஓடிபி அவர் வேலை பார்க்கும் ஊருக்குத்தான் போகும்.

8. பல்கலைக்கழகத்தின் பெயர் மாற்றத்தைக் குறித்து வையுங்கள். விஜயவாடாவில் உள்ள டாக்டர் என்.டி.ஆர். சுகாதாரப் பல்கலைக்கழகத்தின் பெயர் 2022-இல் டாக்டர் ஒய்.எஸ்.ஆர். என்று மாறி, 2024-இல் பழையபடி ஆனது. இடையில் பட்டம் வாங்கியவர்கள் கையில் பழைய மதிப்பெண் பட்டியல் ஒரு பெயரிலும் பட்டச் சான்று இன்னொரு பெயரிலும் இருக்கலாம். இரண்டும் ஒரே பல்கலைக்கழகம் என்று காட்டும் அரசு அறிவிப்பின் நகல் ஒன்றை ஃபைலில் வையுங்கள். துபாயில் உட்கார்ந்து தாளைச் சரிபார்ப்பவருக்கு நம் அரசியல் தெரியாது.

செய்யக்கூடாதவை

1. வேலை அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ராயலசீமாவுக்கான ஸ்டாஃப் நர்ஸ் பணிக்குக் கடப்பா மண்டல இயக்குநர் அலுவலகத்திலிருந்து அறிவிப்பு வந்தால் கால அவகாசம் சில நாள்தான். ஆந்திரக் கவுன்சில் பதிவு கேட்பார்கள். தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் (எம்ஆர்பி) தேர்வு என்றால் தமிழ்நாட்டுப் பதிவு கேட்பார்கள். அறிவிப்பு வந்த பிறகு விஜயவாடாவுக்கு ரயில் பிடிப்பவர்கள், கடைசித் தேதி போன பிறகுதான் ஊர் திரும்புகிறார்கள்.

2. ஒரிஜினலை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். பார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டிய தாள் அது. "இரண்டு வருஷம் வேலை பார்த்தால்தான் தருவோம்" என்று பீரோவில் பூட்டிவைக்கும் இடத்தில் சேருவதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள். கொடுத்தே தீர வேண்டிய நிலை என்றால், என்னென்ன கொடுத்தோம் என்று தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.

3. ஒரிஜினலை லேமினேட் செய்யாதீர்கள். வெளிநாட்டு வேலைக்கு வெளியுறவுத் துறை முத்திரை சான்றிதழின் பின்பக்கத்தில் விழ வேண்டும். பிளாஸ்டிக் மேல் முத்திரை ஏறாது. பிளாஸ்டிக்கை உரித்தால் தாளும் கூடவே வரும்.

4. "மொத்தமாகப் பத்தாயிரம் கொடுங்கள், எல்லாம் முடித்துத் தருகிறேன்" என்பவரிடம் ஓடிபி சொல்லாதீர்கள். மீ சேவாவிலோ இன்டர்நெட் சென்டரிலோ டைப் செய்யச் சொல்லி உதவி கேட்பதில் தப்பில்லை. கடவுச்சொல்லும் போன் நம்பரும் உங்களுடையதாக இருக்கட்டும். அவருடைய நம்பரைப் போட்டுவிட்டால், அடுத்த ஐந்தாண்டு கழித்தும் அவரைத்தான் தேடி அலைய வேண்டும்.

5. போகாத வகுப்புக்குச் சான்றிதழ் வாங்காதீர்கள். ஒரே நாளில் குப்பத்திலும் திருப்பதியிலும் பயிலரங்கில் உட்கார்ந்ததாகக் காட்டும் தாள் ஒன்று போதும், ஒழுங்காகச் சேர்த்த மற்ற மணிகள் மேலும் சந்தேகம் விழ.

6. ஒரு பதிவை இன்னொன்று என்று குழப்பிக்கொள்ளாதீர்கள். மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் மருத்துவப் பணியாளர் பதிவேடு ஒன்று உண்டு. அதில் எண் வாங்குவது நல்லதுதான். அது கவுன்சில் பதிவுக்கு மாற்று ஆகாது. அதேபோல, 2023 ஆகஸ்டில் வந்த தேசிய நர்சிங், மிட்வைஃபரி ஆணையச் சட்டம் கவுன்சில்களின் இடத்தில் ஆணையங்களைக் கொண்டுவருகிறது. "எல்லாம் மாறப்போகுதாம், இப்ப எதுக்குப் புதுப்பிக்கணும்?" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஏட்டின் பெயர் மாறலாம். அதில் ஏறுவதற்குக் கையில் உயிருள்ள பதிவு வேண்டும்.

7. காலாவதியை மறைத்து வேலை பார்க்காதீர்கள். ஊசி போட்ட இடத்தில் ஏதாவது சிக்கல் வந்து கேஸ் ஆனால், நீங்கள் செய்தது சரியா என்று கேட்பதற்கு முன் உங்கள் பதிவு செல்லுபடியாகுமா என்றுதான் கேட்பார்கள். முதல் கேள்வியிலேயே தோற்றால் இருபது வருட அனுபவமும் கூட நிற்காது.

உதவியாளர்களுக்கும், அவர்களை வைப்பவர்களுக்கும்

இதுவரை சொன்னது நர்ஸ்களுக்கு. உதவியாளர்களின் கதை வேறு. அமெரிக்காவில் முதியோர் இல்லங்களில் நோயாளியைக் குளிப்பாட்டி, சோறூட்டும் உதவியாளருக்கும் மாநில ஏடு உண்டு. 1987-இல் வந்த சட்டப்படி குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி, தேர்வு, பிறகு ஏட்டில் பெயர். தொடர்ந்து 24 மாதம் சம்பளத்துக்கு அந்த வேலையைச் செய்யாவிட்டால் மறுபடி பயிற்சியோ தேர்வோ முடிக்க வேண்டும். முதியவர்களிடம் முறைகேடாக நடந்ததாக நிரூபணமானால் அதுவும் ஏட்டில் ஏறும்.

நம் ஊரில் அந்த வேலையைச் செய்பவர்களுக்கு அப்படி ஓர் ஏடு இல்லை. கவுன்சில் ஏட்டில் ஏறும் படிகளில் கீழே இருப்பது இரண்டாண்டு ஏஎன்எம். அதற்கும் கீழே "நர்சிங் அசிஸ்டென்ட்" என்று ஓராண்டு, ஆறு மாதம் எனப் போர்டு மாட்டியிருக்கும் மாடி வகுப்புகள் எல்லையின் இரு பக்கமும் உண்டு. அரசுத் திறன் திட்டத்தில் வருவது ஜிடிஏ எனப்படும் பொது உதவியாளர் படிப்பு. அதை வரையறுத்தது சுகாதாரத் துறைத் திறன் கவுன்சில்.

படிக்கப் போகும் தங்கை தம்பிகளுக்கு: பணம் கட்டுவதற்கு முன், "இதை முடித்தால் என் பெயர் எந்த ஏட்டில் ஏறும்?" என்று கேளுங்கள். நேரான பதில் வராவிட்டால் படி இறங்கிவிடுங்கள். ஜிடிஏ முடித்தவர்கள் சான்றிதழில் இருக்கும் க்யூஆர் குறியைத் தாங்களே ஒருமுறை ஸ்கேன் செய்து, தங்கள் விவரம் வருகிறதா என்று பாருங்கள். வார்டில் யார் "சிஸ்டர்" என்று கூப்பிட்டாலும் ஊசியைக் கையில் எடுக்காதீர்கள். அந்தப் பெயர் மரியாதைக்காகச் சொல்வது. ஊசி போடும் உரிமை ஏட்டிலிருந்துதான் வரும்.

வீட்டில் படுக்கையில் இருக்கும் அம்மா அப்பாவுக்கு ஆள் வைப்பவர்களுக்கு: ஏஜென்சி அனுப்புபவர் நர்ஸா, உதவியாளரா என்று எழுத்தில் கேளுங்கள். நர்ஸ் என்றால் பதிவு எண்ணையும் முடியும் தேதியையும் பாருங்கள். உதவியாளர் என்றால் சான்றிதழை ஸ்கேன் செய்து பாருங்கள். கேட்பது அவமரியாதை இல்லை. ஒழுங்காகப் படித்தவர் சந்தோஷமாகக் காட்டுவார். உதவியாளரை வைத்துக்கொண்டு இன்சுலின் போடச் சொல்லாதீர்கள், டியூப் மாற்றச் சொல்லாதீர்கள். ஐநூறு ரூபாய் மிச்சம் பார்ப்பது அந்த இடத்தில் அல்ல.

கடைசியாக ஒரு வார்த்தை. வார்டில் ஒரு மருந்தைக் கொடுக்குமுன் பெயர், அளவு, காலாவதித் தேதி என்று மூன்றையும் பார்க்கப் பழகியவர்கள் நீங்கள். இன்று டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போனதும் ஃபைலைத் திறந்து, உங்கள் பதிவையும் அப்படியே ஒருமுறை பாருங்கள்.